ஒரு மூச்சு முன்னால்

இந்த நாற்காலி எனக்குக் கொஞ்சம் தாழ்வு. கீபோர்டு வாசிக்கிறவனுக்கு முதல் வேலை நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொள்வதுதான். முழங்கை மேசைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். நான் சொன்னதும் நீங்களே எழுந்து வந்து திருகி உயர்த்திக் கொடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஃபர்னிவல். நன்றி. என் தொழிலில் எனக்காக யாரும் நாற்காலியைத் திருகியதில்லை.

வக்கீல் வேண்டாம். நானாகத்தான் பேருந்து பிடித்து இங்கே வந்தேன். நேற்று உங்கள் ஆட்கள் தியேட்டருக்கு வந்தபோது எல்லோரையும் விசாரித்தார்கள். கிட்டார்காரனை விசாரித்தார்கள், விளக்குக்காரனை விசாரித்தார்கள், டிக்கெட் கிழிக்கிற பெண்ணைக்கூட விசாரித்தார்கள். என்னிடம் ஒரு கான்ஸ்டபிள் வந்து, "நீங்க வயர் கட்டுறவரா ஐயா? உங்களுக்கு இங்க வேலையில்ல, வீட்டுக்குப் போங்க" என்றார். போனேன். காலையில் என் மனைவி ஐலீன் செய்தித்தாளைப் பிரித்து உரக்கப் படித்தாள். ராக் பாடகர் டாமியன் ரூக், மேடை இருட்டில் வழிகாட்ட ஆளில்லாமல் தவறி விழுந்து இறந்தார் என்று போட்டிருந்தது. படித்துவிட்டு அவள் அழுதாள்.

நான் கடித்த டோஸ்ட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். துக்கம் என்று ஐலீன் நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். எனக்கு வந்தது கோபம். ஆளில்லாமலாம். ஆள் இருந்தது. நான் இருந்தேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவன் காதுக்குள் இருந்தேன். அவன் விழுந்தது என் சொல்லைக் கேட்டுத்தான். அந்தச் செய்தியைத் திருத்த வேண்டும் என்றுதான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் இளையவர், உங்களுக்குப் பல விஷயம் தெரிந்திருக்காது.

டாமியன் ரூக் என்பது சுவரொட்டிக்காக வைத்த பெயர். எனக்கு அவன் ரெஜ். ரெஜ் டாட்டர்சால். பர்ன்லியில் ஒரே தெரு, எதிரெதிர் வீடு. என் பெயர் நோரிஸ் கிளெக். அதற்கு ஒருவரும் வேறு பெயர் வைக்கவில்லை. சுவரொட்டியில் வந்தால்தானே வைப்பதற்கு.

தெருக்கோடி மெதடிஸ்ட் தேவாலயத்தில், காலால் மிதித்து ஊதும் ஆர்கனில் ஆரம்பித்தவன் நான். வாசிக்கும்போது உடம்பை ஆட்டுகிறேன் என்று பாதிரியார் என் அப்பாவிடம் புகார் சொன்னார். அப்புறம் தொழிலாளர் கிளப். மேடையில் ஆர்கன் வாசித்துக்கொண்டே பாடுவேன். பாட்டு உச்சிக்குப் போகும் நேரமாகப் பார்த்து கிளப் செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் கேளுங்க, கறி அடைச்சுச் சுட்ட பை சூடா வந்திருக்கு. பாட்டு எங்கயும் ஓடிடாது, பை தீர்ந்துடும்" என்பார். மொத்தக் கூட்டமும் எழுந்து வரிசையில் நிற்கும். நான் கையை விசைகளின் மேல் வைத்தபடி காத்திருப்பேன். இறைச்சிப் பைக்கு அடுத்த இடம்தான் எனக்கு என்று பதினெட்டு வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

பிறகு நாங்கள் ஒரு குழு தொடங்கினோம். நான்கு பேர் வாசித்தோம், பாடியது நான். ரெஜ் வேன் ஓட்டினான். அவன் மாமாவின் மீன் வண்டி அது. எங்கே போய் இறங்கினாலும் எங்களுக்கு முன்னால் மத்தி மீன் வாசம் இறங்கும். ஒருநாள் லண்டனிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து எங்களைக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாட்டு பிரமாதம். ஆனா பாடுறவன் உட்கார்ந்துக்கிட்டே பாடினா எவன் பார்ப்பான்? அதோ, அந்த உயரமான பையன் யாரு? அவனை நடுவுல நிறுத்துங்க" என்றார். உயரமான பையன் அப்போது என் ஆர்கனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தான்.

ரெஜ்ஜுக்குக் குரல் இல்லை என்று நான் சொல்லவில்லை. சரளைக் கல்லைத் தேய்த்த மாதிரி ஒரு குரல் இருந்தது. ஆனால் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வரியும் நினைவில் நிற்காது. அதனால் ஒவ்வொரு வரியையும் அவன் பாடுவதற்கு ஒரு மூச்சு முன்னால் நான் பாடிக் காட்டுவேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவான். அப்படித்தான் அவன் பாடக் கற்றான். அப்படித்தான் சாகும்வரை பாடினான்.

ட்ராக் பாடுவது என்று ஒன்று உண்டு. ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்களுக்குப் பாட்டு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக ஒருவன் பாடி வைப்பான். பெரிய பாடகர் பின்னால் சாவகாசமாக வந்து, தனியாக நின்று பாடுவார். அதன் பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். 'உப்புக் காற்று' பாட்டுக்கு ட்ராக் பாடியது நான். பியானோ வாசித்துக்கொண்டே பாடினேன். ரெஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மறுநாள் அவன் பாடினான். என்னை அழித்தார்கள்.

ஆனால் ஒரு தவறு நடந்துவிட்டது. பியானோவுக்கு வைத்த மைக் என் வாய்க்கு நேர் கீழே திறந்திருந்தது. என் குரல் அதற்குள்ளும் போய் விழுந்துவிட்டது. பியானோவை அழிக்காமல் என்னை அழிக்க முடியாது. கடைசியில்தான் கவனித்தார்கள். "விடுங்கப்பா, எவன் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்கப் போறான்" என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

அந்தப் பாட்டு போகாத ஊரில்லை. உங்கள் அம்மா அதற்கு ஆடியிருப்பார். இன்றைக்கும் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். ரெஜ் ஒவ்வொரு வரியைத் தொடங்குவதற்கும் ஒரு மூச்சு முன்னால், மெலிதாக, தூரத்தில் ஓர் ஆள் அதே வரியைப் பாடுவது கேட்கும். அது நான். எந்தக் கூட்டத்திலும், எந்த இரைச்சலிலும் என் குரலை நான் அடையாளம் கண்டுகொள்வேன். கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைப் போட்டால், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து ஸ்பீக்கர் அருகே இழுத்துப் போவேன். "இதோ, இப்ப, இப்ப கேளுங்க" என்பேன். ஐலீன் தலையில் அடித்துக்கொண்டு கேக் இருக்கும் பக்கம் போய்விடுவாள்.

ரசிகர்களும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள். ரெஜ் சும்மா இருந்தானா? டிவியில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் முன்பு ஒரு மாலுமி தூக்குப் போட்டுக்கொண்டதாகவும், இரவில் அவன் பாடுவதாகவும் கதை விட்டான். நான் போன் செய்து கத்தினேன்.

"டேய், அது நான்டா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா."

"அப்புறம் எதுக்குடா மாலுமி?"

"பேய்ன்னா நல்ல கதைடா நோரிஸ். நீ என்ன கதை? பர்ன்லிக்காரன், மீசை வச்சவன், பியானோ வாசிப்பான். எவன் கேட்பான்?" என்று சிரித்தான். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவனும் சிரித்துவிடுவான். நானும் சிரித்துத் தொலைத்தேன். போனை வைத்த பிறகு சமையலறைச் சுவரில் ஒரு குவளையை எறிந்து உடைத்தேன்.

அடுத்த வருடம் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அட்டைப்படத்தில் ஒல்லியாக நான்கு பேர் போதுமாம். அதன் பிறகு நான் கூலிக்கு வாசிப்பவன், கூலிக்குப் பாடுபவன். ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சியில் ஊற்றும் குழம்புக்கு ஒரு விளம்பரப் பாட்டு வருமே, அதைப் பாடியது நான். ஐந்து அழகான பையன்கள் டிவியில் வாயசைத்துப் பெண்களை மயக்கினார்கள். ஐந்து பேருக்கும் பாடியது நான் ஒருவனே. ஒரு கால்பந்து அணி கோப்பைக்குப் போனபோது தடியர்கள் எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடினார்கள், அதில் சுருதியில் நிற்கும் ஒரே குரல் என்னுடையது. குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு துணி வாத்துப் பொம்மைக்கு இருமல் உட்பட எல்லாக் குரலும் நான். பனிச்சறுக்கு அரங்கில் ஆர்கன், ஹாம்பர்க் மதுக்கடையில் பியானோ, நார்வே போகும் சொகுசுக் கப்பலில் கிழவிகள் ஆட வால்ட்ஸ் இசை. பெரிய பெரிய பாடகிகள் என் வாசிப்பைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். கலங்கிவிட்டு, "தம்பி, உன் பேர் என்னன்னு சொன்ன?" என்றார்கள்.

ஐலீன் ஒருமுறை சொன்னாள்: "இந்த நாட்டுல எல்லார் வீட்டுலயும் நீ இருக்க நோரிஸ். ஆனா ஒருத்தர் வீட்டுலயும் உனக்கு ஒரு நாற்காலி போட மாட்டாங்க." கிண்டலாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

என் பேச்சை வாழ்நாள் முழுக்க யாரும் கேட்டதில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ரெஜ் என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது எங்கள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது. "டேய், மேல் சுரம் எனக்கு எட்ட மாட்டேங்குது. நீ வந்து எட்டிக்குடு" என்றான். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். "நிக்க வேணாம், உட்காரு. கறுப்புத் திரைக்குப் பின்னால வசதியா உட்காரு. ராக் மேடையில கீபோர்டு தெரிஞ்சா பசங்க பாட்டு வாத்தியார் வந்துட்டாருன்னு நினைப்பானுங்க. உனக்குத் தெரியாததா?" என்றான். இது எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான். முன்னால் நான்கு பேர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு குதிப்பார்கள், பின்னால் இருட்டில் ஒருவன் பாட்டைத் தாங்குவான். போனேன். ஏன் போனேன் என்று கேட்கிறீர்கள். எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கண் போனது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கடற்கரைக் கடையில் மீனும் சிப்ஸும் வாங்கி உட்கார்ந்தோம். அவன் வினிகர் பாட்டிலை எடுத்துத் தாராளமாக ஊற்றினான், தட்டில் அல்ல, மேசையில். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "நடுவுல ஒண்ணுமே தெரியலடா. ஓரமா மட்டும் கொஞ்சம் தெரியுது. மேடை வெளிச்சத்துல அதுவும் இல்ல" என்றான். பிறகு, "யார்கிட்டயும் மூச்சு விடாத. கண்ணு தெரியாதுன்னா பாவம் பார்ப்பானுங்க. பாவம் பார்க்கிறவன் டிக்கெட் வாங்க மாட்டான், பூங்கொத்து வாங்குவான்" என்றான்.

அன்றிலிருந்து அவன் காதில் ஒரு சின்னக் கருவி, என் முன்னால் ஒரு தனி மைக். அரங்கில் யாருக்கும் அது கேட்காது, அவனுக்கு மட்டும் கேட்கும். அவன் தன் மைக்கில் முணுமுணுத்தால் என் ஹெட்போனில் கேட்கும். அடுத்த வரியை ஒரு மூச்சு முன்னால் சொல்வேன். எங்கே நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வேன். நேரா, நில்லு, வலது, படி. இருட்டிலும் பார்க்கும் கேமரா ஒன்றிலிருந்து ஒரு குட்டித் திரையில் அவன் சாம்பல் நிறத்தில் எனக்குத் தெரிவான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் மேடையில் பந்தாவாக நடப்பதைப் பார்த்து, இந்த வயதிலும் என்ன நடை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த நடை என்னுடையது.

நேற்றைக்கு வருகிறேன்.

பிற்பகல் ஆட்டம். எங்கள் ரசிகர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் முழங்கால் தாங்காது. டிசம்பர் மாதம் என்பதால் அந்தத் தியேட்டரில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்காக மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். பள்ளத்தின் நடுவே, குட்டிச்சாத்தான் வேஷம் போட்டவன் ஓடி வந்து குழந்தைகளைப் பயமுறுத்துவதற்காக ஒரு மரப்பாலம். இரண்டு பக்கமும் வெறும் பள்ளம். விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். கண் உள்ளவனுக்கு அது போதும். தியேட்டர்க்காரர்கள் மேல் பழி போடாதீர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் ஒத்திகை பார்த்தோம். நான் காதில் சொல்லச் சொல்ல அவன் பாலத்தின் மேல் நடந்து போய் வந்தான். "என்னடா, ரெண்டு பக்கமும் கீழேருந்து சில்லுன்னு காத்து வருது?" என்றான். பள்ளம் திறந்திருக்கிறது, காற்று முகத்தில் அடித்தால் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறாய், அடி வைக்காதே என்று சொன்னேன். "நீ இருக்கப்ப எனக்கென்ன" என்றான்.

பிறகு அவன் அறைக்குக் கூப்பிட்டான். ஒரு பன்றி இறைச்சிப் பையைத் தின்றுகொண்டிருந்தான், தாடியெல்லாம் பொடி. 'உப்புக் காற்று' வந்து ஐம்பது வருடம் ஆகிறதாம், புதிதாக ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். இசைத்தட்டைப் போட்டு, ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

முதல் வரிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். யாரும் பாடவில்லை. இரண்டாவது வரிக்கு முன்னாலும் இல்லை. பியானோ இருந்தது, நான் இல்லை.

"கேட்டியா? இப்ப புதுசா மிஷின் வந்திருக்குடா. பியானோவைத் தொடாம உன்னை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டானுங்க. அம்பது வருஷ அழுக்கு, துடைச்சாச்சு. கண்ணாடி மாதிரி இருக்குல்ல?"

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"டேய், எங்க ஓடற? உட்காரு. இன்னொரு தட்டு இருக்கு, அதையும் கேளு."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் எத்தனை பாட்டிலிருந்து என்னைத் துடைத்திருக்கிறான் என்று உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. அழுக்காம். அந்தச் சொல்லோடு திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நேற்று மாதிரி நான் வாசித்ததே இல்லை, வேண்டுமானால் ஒலிப்பதிவு செய்யும் ஹேசலைக் கேளுங்கள். மேல் சுரமெல்லாம் எட்டிக் கொடுத்தேன். வரியெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பாட்டு 'உப்புக் காற்று'. வழக்கம்போல எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். ரெஜ் இருட்டில் முன்னால் நடந்துபோய் நிற்பான். முதல் வரியைப் பாடியதும் ஒற்றை விளக்கு அவன் மேல் விழும். கூட்டம் அலறும்.

நேரா, நேரா என்று பாலத்தின் நடு வரைக்கும் கூட்டிவந்தேன். அங்கே ஒரே ஒரு சொல் சொன்னேன். "இடது" என்றேன். அவன் போனான்.

கீழே நாடகக் குழுவின் பெரிய முரசு ஒன்று இருந்தது. அதன் மேல் விழுந்திருப்பான் போல. இருட்டில் ஒரு பெரிய அடி கேட்டது. பாட்டின் தொடக்கம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. வாத்தியக்காரர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, என் கைக்காகக் காத்திருந்தார்கள். நான் பியானோவைத் தொடங்கினேன். தொடங்கினால் பாட ஆள் வேண்டும் அல்லவா? மேல் சுரத்துக்கு வைத்திருந்த மைக்கில், நானே பாடினேன். 'கரை தெரியவில்லை, காற்று மட்டும் வருகிறது.' விளக்கு விழுந்தது. பாலத்தின் மேல் யாரும் இல்லை. இரண்டாவது வரியையும் பாடினேன். அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. ஊசி விழுந்தால் கேட்கும். அப்படி ஓர் அமைதியை எனக்காக யாரும் தந்ததில்லை. மூன்றாவது வரியில் ஹேசல் என் மைக்கை அணைத்துவிட்டாள். பிறகுதான் யாரோ ஒரு பெண் வீறிட்டாள்.

ஹேசல் எல்லா ஆட்டத்தையும் பதிவு செய்கிறவள். மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிவு செய்வாள், என் ரகசிய மைக்கையும் சேர்த்து; அது வரி எடுத்துக் கொடுக்க மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். போய் வாங்கிக் கேளுங்கள். நான் சொன்னது பொய்யா என்று தெரிந்துவிடும்.

*

சாண்ட்விச் நன்றாக இருந்தது. ஊறுகாய் கொஞ்சம் கூட வைத்திருக்கலாம். ஐலீனுக்கு யாராவது போன் செய்தீர்களா? நாயை வெளியே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் கொண்டுவந்த பதிவைக் கேட்டேன். மிகத் தெளிவாக இருக்கிறது. ஹேசல் கெட்டிக்காரி. ஆனால் நான் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும் என்கிறீர்கள்.

பதிவில் நான், "நேரா, நேரா, இப்ப இடது" என்கிறேன். உடனே முரசு கேட்கவில்லை. அவன் நின்றுவிட்டான். மூச்சு கேட்கிறது. பிறகு தன் மைக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறான்.

"டேய் நோரிஸ், முகத்துல காத்து அடிக்குதுடா. சரியாத்தான் போறேனா?"

"நான் என்னிக்காவது உன்னைத் தப்பாக் கூட்டிட்டுப் போயிருக்கேனா ரெஜ்? வா. இன்னும் ஒரு எட்டு."

"அதானே" என்று சிரிக்கிறான். அதற்கப்புறம்தான் முரசு.

"இது ஒரு சொல்லா மிஸ்டர் கிளெக்?" என்று கேட்டீர்கள். இல்லை. திருத்திக்கொள்ளுங்கள். அவன் விளிம்பில் நின்றான். என்னைக் கேட்டான். மனதை மாற்றிக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. நான் அவனை உள்ளே அனுப்பினேன். தெரிந்துதான் செய்தேன். கோபத்தில் வாய் தவறியது என்றெல்லாம் எனக்காக எழுத வேண்டாம். என் வாய் தவறியதே இல்லை.

என் பேச்சை யாரும் கேட்டதில்லை என்று சொன்னேனே, அதையும் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்து அந்த அட்டைப் பெட்டி. அவன் அறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறீர்கள். மேலே பையின் பொடிகூட ஒட்டியிருக்கிறது. உள்ளே இரண்டாவது தட்டு. 'உப்புக் காற்று, நோரிஸ் கிளெக், தனிக் குரல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எழுத்துப் பெரிதாகத்தான் இருக்கிறது. ரெஜ்ஜின் மேனேஜர் உங்களிடம் சொன்னாராம்: அந்தக் குரலைப் பிரித்தெடுத்ததே இதற்காகத்தானாம். கம்பெனி வேண்டாம் என்றதாம். இது இல்லாவிட்டால் பெட்டியே வேண்டாம் என்று ரெஜ் அடம் பிடித்தானாம்.

"அதுக்குத்தான் உங்களை உட்காரச் சொல்லியிருக்கார் மிஸ்டர் கிளெக்" என்றீர்கள். உங்கள் குரலில் ஏதோ இருந்தது. என் மேல் பரிதாபப்பட வேண்டாம்.

அப்படியானால் இரண்டாவது தட்டை முதலில் போட்டிருக்க வேண்டும். ரெஜ்ஜுக்கு எப்போதும் இதே கோளாறு. எதை முதலில் சொல்வது என்று தெரியாது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

பிறகு நீங்கள் அந்தத் தட்டைப் போட்டீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அறை முழுக்க ஒரு குரல் மட்டும். பியானோ இல்லை, ரெஜ் இல்லை. மெலிந்த குரல். அவசரப்படுகிறது. 'காற்று' என்ற இடத்தில் மேலே போகப் பார்க்கிறது, எட்டவில்லை, சுருதி இறங்கி வழிந்துவிடுகிறது. அடுத்த முறையும் அதே இடத்தில் அதே மாதிரி. கிளப்பில் பை வாங்க எழுந்து போனவர்களைக் குறை சொல்ல முடியாத குரல். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், பாட்டில் வரும் முரசுச் சத்தத்தில் இத்தனை வருடம் அமுங்கியிருந்த இடத்தில், பாடுவதை நிறுத்திவிட்டு அந்த ஆள் பேசுகிறான்: "ரெஜ், இங்க மூச்சு எடு. பயப்படாத, நான் முன்னால போறேன், நீ பின்னால வா."

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போதும், நிறுத்துங்கள் என்றேன்.

அந்த மிஷின்தான் கெடுத்திருக்கிறது. அல்லது வேறு யாரையோ பாட வைத்து என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், இந்தத் தொழிலில் அது நடக்கும். என் குரலை எனக்குத் தெரியாதா? ஐம்பது வருடம் கேட்டிருக்கிறேன்.

ரெஜ் டாட்டர்சாலைக் கொன்றது நான்தான். என் முழுப் பெயரையும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தத் தட்டில் பாடுவது நான் இல்லை.